ஈரம் காயாத ஊரில் ஒரு பிள்ளை

கலியாணம் முடிந்த கையோடு யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி மலாயாவுக்கு வந்தவள் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. என் கணவர் மலாக்காப் பக்கம் ஜாசினுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தார். பெயருக்கு டாக்டர் ஒருவர் உண்டு. அவர் எப்போதாவது காரில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். மற்றபடி காய்ச்சல், பாம்புக்கடி, பிள்ளைப்பேறு எல்லாம் இவர் தலையில்தான்.

எங்கள் ஊரில் மழை ஒழுங்காக வரும், ஒழுங்காகப் போகும். ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பும், கார்த்திகையில் கொட்டும், மார்கழி பாதிக்கு மேல் ஓயும். தை பிறந்தால் நிலம் இறுகத் தொடங்கிவிடும். பிறகு சோளகக் காற்று வந்து பனையோலையெல்லாம் இரைச்சல் போடும். ஒரு துளி விழாது. அந்த வெயிலில் முற்றத்துப் பாயில் பனங்கிழங்கு ஒடியலும் மிளகாயும் காயும். மழைக்காலம் என்று ஒன்று தொடங்கினால் அது ஒருநாள் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

நான் தோட்டத்தில் இறங்கிய அன்று மழை. மறுநாளும் மழை. சரி, மழைக்காலத்தில் வந்து இறங்கிவிட்டோம், முடியட்டும் என்று காத்திருந்தேன். வாரங்கள் போயின. கடைசியில் ஒரு காலை, அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது கேட்டேன்.

“இஞ்சேருங்கோ, இந்த மழைக்காலம் எப்ப முடியும்?”

கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே, “முடியாது” என்றார்.

“பகிடி விடாதேங்கோ.”

“பகிடி இல்லை. இஞ்ச மழைக்காலம் எண்டு தனியா ஒண்டில்லை. வருசம் முழுக்கப் பெய்யும். தை, மாசியிலை கொஞ்சம் குறையும். அவ்வளவுதான்.”

அன்றைக்கு நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. மழைக்கு அவர் என்ன செய்வார் என்று தெரியும். இருந்தும் கோபப்பட எனக்கு வேறு ஆள் இல்லை.

அம்மா கட்டித் தந்த தகரப்பெட்டியை அடுத்த நாள் திறந்தேன். பனம்பழத்தைப் பிழிந்து வெயிலில் காயவைத்துச் செய்யும் பினாட்டின்மேல் பச்சையாகப் பூஞ்சணம். மோர்மிளகாயில் வெள்ளையாய்ப் பஞ்சு. கூறைச்சேலையின் மடிப்பில் கரும்புள்ளிகள். பெட்டியை அப்படியே இழுத்துவந்து வாசற்படியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

பக்கத்து வீட்டில் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாரின் மனைவி இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். அவர் பிறந்ததே மலாக்காவில். என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். அழுகைச் சத்தம் கேட்டு ஓடிவந்தார்.

“என்ன தங்கச்சி? ஊர்ல யாரும் தவறிட்டாங்களா?”

“பினாட்டுப் பழுதாப் போச்சு அக்கா.”

அவருக்குப் பினாட்டு என்றால் என்னவென்று தெரியாது. எடுத்துக் காட்டினேன். மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“இங்க மழைக்கு மாசம் கெடையாது தங்கச்சி, நேரந்தான். பெரட்டுக்கு ஆள் கூடையில பனி. மரத்துல பால் எடுக்கையில வெயில். மத்தியானம் சாப்பிட்டு எழுந்திரிச்சா கறுக்கும். புள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆடப் போனா இடி. வெளக்கு ஏத்தையில வானம் ஒண்ணுமே நடக்காத மாதிரி வெளுத்துரும். நீ வெயிலப் பாத்துத் துணி போடாத, நேரத்தப் பாத்துப் போடு.”

பெரட்டு என்பது தோட்டத்தில் அதிகாலை ஆள் கணக்கெடுக்கும் கூட்டம். அன்றிலிருந்து நான் அக்கா சொன்னபடி வானத்தைப் பார்க்கத் தொடங்கினேன். பெரும்பாலும் அவர் சொன்னபடியேதான் நடந்தது. ஆனால் வெயில் சுள்ளென்று அடிக்கும்போது போட்ட சேலையும் பின்னேரம் எடுக்கும்போது குளிர்ந்து சவசவ என்றிருந்தது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊர் வெயிலைவிட இந்த வெயில் குறைந்ததாகவும் தெரியவில்லை. என் கணவரிடம் கேட்டேன்.

“வெயில் மட்டும் போதாது. காத்தும் வேணும்” என்றார். “இந்த நாட்டுக் காத்து கடலிலையும் காட்டிலையும் வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு வருது. உம்முடைய சேலையிலை இருக்கிற தண்ணியையும் குடியெண்டால் எங்கை குடிக்கிறது? எங்கடை ஊர்ச் சோளகம் தாகத்தோட வாற காத்து. அது வேறை.”

“அப்ப ஏன் பின்னேரத்திலை மட்டும் மழை பெய்யுது?”

“காலமை வெயில் நிலத்தைச் சுடும். நிலம் காத்தைச் சுடும். சூடான காத்து மேலை போகும். மேலை குளிர். குளிர்ந்தால் குடிச்ச தண்ணியை வைச்சிருக்க அதுக்கு ஏலாது. கொட்டிப்போடும்.”

“வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுக்கிற மாதிரியோ?”

“ஓம். டிரசர் பெண்சாதிக்கு அப்பிடித்தான் விளங்கும்.”

படித்த புத்தகங்களில் இதெல்லாம் இருந்திருக்கலாம். மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் படித்தவள்தான் நான். ஆனால் ஒரு நாளின் வெயில் மழை வேறு, ஒரு மண்ணின் பழக்கம் வேறு என்பது எனக்கு அந்தத் தோட்டத்தில்தான் புத்தியில் ஏறியது. அதுவரை எங்கள் ஊரின் பழக்கத்தையே உலகத்தின் பழக்கம் என்று எண்ணியிருந்தேன்.

மறுவருடம் ஐப்பசியில் என் மூத்தவன் பிறந்தான், மாதம் நிறையாமல். என் கணவரும் தோட்டத்து மருத்துவச்சியும் சேர்ந்து பார்த்தார்கள். பிள்ளை கையில் கிடந்த பாரமே தெரியவில்லை. அழுகைகூடப் பூனைக்குட்டிச் சத்தம்போல் இருந்தது. வெந்நீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்துவிட்டு இவர் என்னிடம் சொன்னார்:

“மருந்து ஒண்டுமில்லை. சூடு வேணும், ஈரம் ஆகாது. உடம்பிலை ஈரத்துணி கிடக்கவே கூடாது. அதை மட்டும் பாரும், மிச்சத்தை அவன் பாப்பான்.”

ஈரம் ஆகாது என்று சொல்லிவிட்டார். அந்த மாதம்போல ஒரு மழையை நான் அதுவரை கண்டதில்லை. அக்கா சொல்லித்தந்த நேரமெல்லாம் பிசகிவிட்டது. காலையிலும் பெய்தது, பகலிலும் பெய்தது. பழைய வேட்டிகளைக் கிழித்து வைத்திருந்த துணிகள் வீட்டுக்குள் கொடி கொடியாகத் தொங்கின. ஒன்றும் காயவில்லை. அடுப்புக்கு மேலே போட்டேன். ஒரு துணியில் தீப்பிடித்தது. இஸ்திரிப்பெட்டியில் கரி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தது. அப்படித் தேய்த்த துணியும் சற்று நேரத்தில் மறுபடி குளிர்ந்துவிடும். பிள்ளையின் நெஞ்சில் சளி கட்டி இரையத் தொடங்கியது. நான் என் சேலைத் தலைப்பையே அவனுக்குச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா வந்து கொடிகளைப் பார்த்தார். எல்லாத் துணியையும் உருவி ஒரு பேசினில் போட்டு, மேலே ஒரு வாழையிலையை மூடினார்.

“எங்கை கொண்டு போறியள் அக்கா?”

“நீ புள்ளையப் பாரு.”

பின்னேரம் திரும்பிவந்தார். பேசினில் துணிகள் அடுக்கடுக்காக மடித்திருந்தன. தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தன. மொரமொரவென்று, கைக்குச் சூடாக. ஓரங்களில் லேசான மஞ்சள். ஒரு மாதிரிப் புகை நாற்றம். நான் மோந்து பார்ப்பதைக் கண்டு அக்கா அதட்டினார்.

“காஞ்சிருக்கில்ல? மூக்க வச்சுக்கிட்டு என்ன ஆராய்ச்சி? புள்ளைக்குச் சுத்து.”

மாலையில் இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பிள்ளையைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

“என்ன இது, பிள்ளை ரப்பர் ஷீட் மாதிரி மணக்குது?”

பிறகு அவருக்கே விளங்கிவிட்டது. கதிரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிள்ளை பிறந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் புகை வீடு என்று உயரமாக ஒரு கட்டடம் இருந்தது. ரப்பர்ப் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்து, விரிப்புப்போல் ஆக்கிய ஷீட்டுகளை அங்கே கழிகளில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். கீழே விறகு எரியும். அந்தச் சூட்டிலும் புகையிலும் ஷீட் காய்ந்து பொன்னிறமாகும். தோட்டம் முழுவதும் நனைந்து ஊறிக் கிடந்தாலும் அந்த நாலு சுவருக்குள் மட்டும் எப்போதும் கோடை. அங்கே நெருப்புப் பார்க்கிறவர் சேலம் பக்கத்துக்காரர். புகையில் நின்று நின்று கண் இரண்டும் எப்போதும் சிவந்திருக்கும். வழியில் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். அவரிடம்தான் அக்கா போய்க் கேட்டிருக்கிறார். கதவோரத்துக் கழி ஒன்றை ஒதுக்கி, ஷீட்டுகளுக்குப் பக்கத்தில் என் பிள்ளையின் துணிகளை அவர் தொங்கவிட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து பேசின் தினமும் போய்வந்தது. காய்ந்த துணி கிடைத்ததும் பிள்ளையின் இரைப்பு மெல்லத் தணிந்தது.

பிறகு அந்தக் காற்று வந்தது. கடலுக்கு அப்பாலிருந்து விடியற்காலையில் பாய்ந்துவரும் காற்றுக்கு அங்கே சுமாத்ரா என்றுதான் பெயர். சின்னதாகச் சில தடவை கண்டிருக்கிறேன். அன்றைக்கு வந்தது வேறு. இவர் பெரட்டு நேரத்து நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார். நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. கதவிடுக்கில் குளிர் ஒன்று பாம்புபோல நுழைந்தது. அடுத்த கணம் ரப்பர்க்காடு முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஊளையிட்டது.

எங்கள் வீட்டுக்கு அத்தாப்பு ஓலைக் கூரை. முதலில் சமையலறைக் கூரை வரிசை வரிசையாகக் கழன்று பறந்தது. பிறகு எங்கள் தலைக்கு மேலே வெளிச்சம் தெரிந்தது. நான் பிள்ளையோடு மேசைக்குக் கீழே நுழைந்தேன். தண்ணீர் பலகை இடுக்குகளில் ஓடிவந்தது. பிள்ளையை எவ்வளவு இறுக்கி அணைத்தும் அவன் கால் குளிர்ந்துகொண்டே போனது. “கந்தா, கந்தா” என்று கூப்பிட்டேனே தவிர வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தார். அவருக்குப் பின்னால் தலையில் தார்ப்பாயோடு புகை வீட்டுக்காரர்.

“அம்மா, புள்ளைய மார்போட சேத்துக் கட்டிக்குங்க. நடக்க முடியுமா?”

“ஓம்.”

“அப்ப வாங்க. நிக்க வேணாம். மரம் எதுவும் விழுந்தா நான் சொல்றேன், நீங்க கீழ பாத்தே நடங்க.”

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். புகை வீட்டுக்காரர் தார்ப்பாயை எங்கள் இருவருக்கும் மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நடந்தார். தான் முழுக்க நனைந்தார். வழியில் ஒரு மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. சுற்றிக்கொண்டு போனோம். ஸ்டோரைத் தாண்டி, புகை வீட்டை ஒட்டி ஷீட் அடுக்குகிற சின்ன அறை ஒன்றில் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தார். அந்த அறையின் ஒரு பக்கச் சுவருக்குப் பின்னால்தான் அடுப்பு. நான் முதுகைச் சாய்த்ததும் அந்தச் சூடு சேலையைத் தாண்டி உடம்புக்குள் இறங்கியது. அக்கா கதவோரத்துக் கழியிலிருந்து துணிகளை எடுத்து வந்தார். ஈரத்தை உருவிவிட்டு, சூடான துணியைப் பிள்ளைக்குச் சுற்றினோம். கொஞ்ச நேரம் அவன் சத்தம் போடவில்லை. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பிறகு அவன் ஒரு தும்மல் போட்டுவிட்டு வீரிட்டு அழுதான். பிறந்த நாள்முதல் அவ்வளவு பெரிய சத்தம் அவனிடமிருந்து வந்ததில்லை.

“அழு ராசா, நல்லா அழு” என்றார் அக்கா. அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார்.

என் கணவர் வீட்டுக்கு ஓடி, கூரையில்லாத அறையைப் பார்த்துவிட்டு, யாரோ சொல்லி அங்கே வந்து சேர்ந்தார். ஒரு காலில் சப்பாத்து இல்லை. துணிக்குள் கையைவிட்டுப் பிள்ளையின் பாதத்தைப் பிடித்தார்.

“சூடாயிருக்கு” என்றார். திரும்பவும் அதையே சொன்னார்.

கூரை வேயும்வரை நாங்கள் அந்த அறையில்தான் இருந்தோம். புகை வீட்டுக்காரரின் மனைவி பால் வெட்டப் போகுமுன் எனக்குக் கஞ்சி வைத்துவிட்டுப் போவார். காற்றில் விழுந்த மரங்களைப் பார்க்கத் துரை வந்த நாளில், கணக்கெழுதும் கெராணியோடு புகை வீட்டுக்குள்ளும் நுழைந்தார். வெள்ளைக்காரத் துரை. கழியில் பொன்னிற ஷீட்டுகள் வரிசையாகத் தொங்க, நடுவே சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள். துரை நின்றார். புகை வீட்டுக்காரர் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டார். துரை ஒரு துணியை விரலால் தொட்டுப் பார்த்தார், சுவரோரம் தரையில் பிள்ளையோடு இருந்த என்னைப் பார்த்தார், ஆங்கிலத்தில் கெராணியிடம் இரண்டு வார்த்தை சொன்னார். கெராணி உடனே கத்தினார்:

“ஏய்! இன்னொரு தடவ இப்படி நடந்துச்சுன்னா தோட்டத்த விட்டே தொரத்திருவேன்னு தொரை சொல்றாரு!”

மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீசில் துரை சொன்னது எனக்கு விளங்கியது. எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது.

“அப்பிடிச் சொல்லேல்லை” என்றேன். “துணி ஷீட்டிலை படாமல் பாக்கச் சொன்னவர். எனக்கு ஒரு கதிரையும் குடுக்கச் சொன்னவர்.”

கெராணியின் முகம் கறுத்தது. துரைக்குத் தமிழ் எவ்வளவு விளங்கியதோ, மீசைக்குள் சிரித்துக்கொண்டே வெளியே போனார். அவர்கள் போனபிறகு புகை வீட்டுக்காரர் மெதுவாக என்னிடம் வந்தார்.

“அம்மா, கதிரைன்னா என்னங்க? நெருப்புக்கு ஆவாத சாமானா?”

“நாற்காலி அண்ணே, நாற்காலி!” என்று அக்கா சொன்னதும் அந்தச் சிவந்த கண்கள் இடுங்க அவர் சிரித்ததை இப்போதும் காண்கிறேன். ஆபீசிலிருந்து கதிரையும் வந்தது. துணிக்கென்று தனியாக ஒரு கழியை அவர் சீவிக் கட்டினார். அதற்குப் பிறகு தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எந்தப் பிள்ளை மழையில் பிறந்தாலும் அந்தக் கழியில் துணி தொங்கியது. யாரும் ஒளித்துக் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை.

தை கழிந்து மழை குறைந்தது. ரப்பர் மரங்களின் இலைகள் சிவந்து உதிரத் தொடங்கின. மரமெல்லாம் பட்டுப்போகிறதோ என்று பயந்தேன். வருடத்தில் காயும் மாதம் வந்தால் அவை அப்படித்தான் பழசை உதிர்த்துவிட்டுத் துளிர்க்கும் என்று அக்கா சொன்னார். மொட்டைக் கிளைகளுக்கிடையே வெயில் தோட்டத்து நிலம்வரை இறங்கியது. பிள்ளை கழுத்து நின்று, கன்னத்தில் சதை வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பூசை முடிந்து வந்ததும் இரண்டு குடும்பமுமாக பஸ் பிடித்து உம்பாய்க் கடற்கரைக்குப் போனோம். நான் இந்த நாட்டுக்கு வந்தபிறகு கடலைப் பார்த்தது அன்றுதான். இவர் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு மேற்கே கையைக் காட்டினார்.

“அந்தப் பக்கம்தான் சுமாத்ரா. இராவிலை அங்கையும் இந்தக் கடலிலையும் மேகம் திரண்டு, விடியிறதுக்கு முன்னம் இஞ்சாலை வரும். எங்கடை கூரையைக் கொண்டுபோன காத்து வந்த வழி இதுதான்.”

நான் பார்த்தேன். தண்ணீர் தகதகவென்று கிடந்தது. தூரத்தில் ஒரே ஒரு மேகக்கூட்டம், அடியில் மட்டும் கறுத்து, அசையாமல் நின்றது. அதன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் வரவில்லை. வாத்தியார் செம்படவர்களிடம் மீன் வாங்கினார்.

அடுப்பை அணையவிடக் கூடாது என்பதால் புகை வீட்டுக்காரர் எங்களோடு வரவில்லை. மறுநாள் அவரையும் மனைவியையும் வீட்டுக்கு அழைத்து மீன்குழம்பு வைத்தேன். யாழ்ப்பாணத்து உறைப்பில் அவர் கண் இன்னும் சிவந்தது. சாப்பிட்டு எழுந்தபிறகு நன்றி சொல்ல முயன்றேன்.

“அட என்னம்மா நீங்க” என்றார் அவர். “வெறகு எப்பிடியும் எரிஞ்சுக்கிட்டுத்தானே இருக்கு.”

பிறகு இவருக்கு மலாக்கா டவுனுக்கு மாற்றல் வந்தது. இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அக்கா டவுன் கோயிலுக்கு வரும் நாட்களில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். புகை வீட்டுக்காரர் ஒரு பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து தந்தார். மூத்தவன் அவர் மடியில் ஏறி மீசையை இழுத்தான். அதற்கடுத்து ரப்பருக்குக் கெட்ட காலம் வந்து தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தபோது அவரும் மனைவியும் கப்பலேறிச் சேலத்துக்குப் போய்விட்டார்கள். பிறகு அவர்களைப்பற்றி ஒரு தகவலும் இல்லை.

மூத்தவன் இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம். நெஞ்சில் சளி என்று ஒரு நாள் படுத்ததில்லை. கோயிலில் விளக்கேற்றும்போது நான் சொல்லிக் கும்பிடுகிற பெயர்களில் அந்தப் புகை வீட்டு அண்ணனின் பெயரும் உண்டு, அவர் மனைவியின் பெயரும் உண்டு. அக்காவின் பெயரையும் சேர்த்துக்கொள்வேன். “நீ உன் சாமிகிட்ட என் பேரச் சொல்லு, நான் ஏசப்பாகிட்ட உன் பேரச் சொல்றேன், ரெண்டு பக்கமும் இருக்கட்டும்” என்பார் அவர்.